மூணாவது ரேக்கிலிருந்து முதல் பெஞ்சுக்கு

"கொடுக்கிற கை தெரிஞ்சு கொடுக்கணும், வாங்குற கை..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் யார் மருந்து வாங்கக் கிளம்பினாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார். வாங்குகிற கை என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. கேட்டு வாங்கணுமா, பார்த்து வாங்கணுமா, ஏதோ ஒன்று. மருந்துக்கடை வேலையில் அந்த இரண்டாம் பாதி இல்லாமலே காலம் தள்ளிவிடலாம். வாங்குகிறவர் இங்கே எதுவும் கேட்பதில்லை. "சீக்கிரம் குடுங்க, பஸ் வருது" என்பார், அவ்வளவுதான்.

மேனாம்பேட்டில் ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் பத்தொன்பது வருஷம் நின்றேன். ஜனங்களுக்கு நான் "மெடிக்கல்காரர்". வயசானவர்கள் சிலருக்கு இன்னமும் "கம்பவுண்டர்". உண்மையில் பார்மசிஸ்ட் எங்கள் முதலாளிதான். நான் பிளஸ் டூ படித்த உதவியாள். பத்தாவது வரை தமிழிலும் அதற்கப்புறம் இங்கிலீஷிலும் படித்து, இரண்டிலும் பாதிப்பாதி தேறினவன். நாற்பத்தாறு வயதில் அந்தக் கவுன்டரை விட்டு இறங்கி டி.பார்ம், அதாவது பார்மசிஸ்ட் டிப்ளமா, படிக்கப் போனேன். நாற்பதைத் தாண்டியபின் ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சொட்டு

படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு காய்ச்சல் மருந்து. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு டாக்டர் சிரப் எழுதியிருந்தார், வேளைக்கு ஐந்து எம்.எல். அதே பெயரில், அதே நிற டப்பாவில், அதே தட்டில் கைக்குழந்தைகளுக்கான ட்ராப்ஸும் இருக்கும். அது நாலு மடங்கு வீரியம்; சொட்டுக் கணக்கில் கொடுக்கவேண்டியது. நான் ட்ராப்ஸை எடுத்து, டப்பாவின் மேல் "5 எம்.எல்., மூன்று வேளை" என்று மணி மணியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அரை மணி கழித்து இன்னொருவருக்கு அதே சிரப்பை எடுக்கும்போதுதான் கை நின்றது. அந்தக் குழந்தையின் வீடு இரண்டு தெரு தள்ளி. முதலாளியிடம்கூடச் சொல்லாமல் பைக்கை எடுத்தேன். வாசலில் போய் நின்றேன். குழந்தையின் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய், பிரிக்காத டப்பாவை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்துவந்தார். மூணாவது படிக்கும் பெரிய பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அந்த அம்மா சொன்னது: "ட்ராப்ஸ்னா சொட்டு மருந்தும்மான்னா இவ. போலியோ சொட்டுதான் போன மாசமே போட்டாச்சே, மறுபடி எதுக்குன்னு உங்களைக் கேக்கலாம்னு எடுத்து வெச்சேண்ணா."

கார்டியன்

மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அப்போது அயனம்பாக்கத்தில் இரண்டாவது கடை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ப் படிச்சுட்டு வாய்யா. அந்தக் கடைக்கு ஒரு பார்மசிஸ்ட் வேணும். உன்னை வெச்சுத்தான் திறப்பேன்" என்றார். பகலில் கல்லூரி, சாயந்திரம் ஆறு மணியிலிருந்து கடை என்று ஏற்பாடு. இனி ஒரு மருந்தை எடுத்துக் கொடுத்தால் அது என்ன, ஏன், எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுக்க எனக்கென்று ஒரு கடை. இந்த இரண்டு ஆசையோடுதான் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட்டேன்.

சேர்க்கை அன்று ஆபீஸ் கிளார்க், "பையன் வரலையா சார்?" என்றார். நான்தான் பையன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, விதிமுறையில் இடமிருக்கிறதா என்று எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தார். இடமிருந்தது. அடுத்து, ஃபாரத்தில் பெற்றோர் அல்லது கார்டியன் கையெழுத்து. பெற்றோர் இல்லை என்றேன். "காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார்" என்றார். நான் கிளாஸுக்கு மட்டம் போட்டால் மெசேஜ் போக ஒரு நம்பரும் வேண்டுமாம். கூட வந்திருந்த என் மனைவி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள், நம்பரை எழுதினாள், பேனாவை மூடிக் கொடுத்தாள். "இருபது வருஷமா இந்த வேலையைத்தான் பார்க்கறேன். இன்னிக்குத்தான் கையெழுத்து கேக்கறாங்க" என்றாள்.

மூணாவது ரேக்

கண்ணாடி போட்டும் போர்டு மங்கலாகத் தெரிந்ததால் முதல் பெஞ்ச். கூடப் படித்தவர்கள் என்னை முதல் வாரம் "சார்" என்றார்கள், இரண்டாம் வாரம் "அங்கிள்", ரெக்கார்டு நோட்டு இரவல் வாங்கிய பிறகு "அண்ணா". எங்கள் மேடத்துக்கு இருபத்தேழு வயது இருக்கும். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். யார் வாத்தியார் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு இரண்டாயிரம் மாத்திரை தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. தெரிந்ததெல்லாம் கம்பெனி வைத்த பெயர், பட்டையின் நிறம், இருக்கும் இடம். புத்தகத்தில் இருப்பது மருந்தின் சொந்தப் பெயர். இருபது வருஷம் பழகினவரின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய முழுப் பெயரைப் பார்த்து யாரோ என்று முழிப்போமே, அந்தக் கதைதான். ஒரு நாள் மேடம் வாய்மொழித் தேர்வில் ஒரு பிரஷர் மாத்திரை பற்றி, "அம்லோடிபின் எங்க சார் வேலை செய்யுது?" என்று கேட்டார். பதற்றத்தில் "எங்க" மட்டும்தான் என் காதில் விழுந்தது. "மூணாவது ரேக், மேல் தட்டு" என்றேன். கையும் தானாக மேலே போய்விட்டது. கிளாஸே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: "சரி சார், மேல் தட்டுல இருந்து ரத்தக்குழாய்க்கு எப்படி வருதுன்னு நாளைக்குப் படிச்சுட்டு வாங்க. இவங்கல்லாம் ரத்தக்குழாய்ல இருந்து ஆரம்பிக்கறாங்க, நீங்க ரேக்ல இருந்து ஆரம்பிங்க."

ஏரிக்கரை

கடை முடித்துப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பத்தியிலேயே தலை சாய்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே மனப்பாடம். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு ஏறும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில்: "ப்ரில்" என்று முடிகிறதெல்லாம் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே உள்ள கெட்ட பழக்கம் வறட்டு இருமல். இதைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். மறந்தால் திரும்பி முதலிலிருந்து.

பக்கத்து அடுக்குமாடியிலிருந்து காதில் இயர்போனோடு ஓடவரும் ஒரு இளைஞர் என்னை நாலைந்து நாளாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்தி, இயர்போனைக் கழற்றி, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "அமெரிக்கா கிளையன்ட்டா சார்? ஒரு வாரமா ஒரே இஷ்யூவைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கீங்க, க்ளோஸ் பண்ணவே மாட்டேங்கறானுங்களா?"

ஒரு பேப்பர்

இரண்டாம் வருஷம் பார்மகாலஜியில் இரண்டு மார்க்கில் போய்விட்டது. எல்லாம் தெரியும், மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதத்தான் விரல் மறுத்தது. கடைசி இரண்டு கேள்வியைத் தொடவில்லை. முதலாளி, "உனக்காகத்தான் புதுக் கடையைத் தள்ளிப்போட்டிருக்கேன், எத்தனை நாள் தள்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மறுநாளே மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, தினம் ஒரு மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் பழகினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

அதைவிட உறுத்தியது கவிதா சொன்னது. அவள் என் பக்கத்து இருக்கைக்காரி, பத்தொன்பது வயது, பரீட்சைக்கு முன்னால் மூன்று நாள் போனில் என்னிடம் சந்தேகம் கேட்டவள். ரிசல்ட் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க சொல்லிக்குடுத்த கேள்விதான் அண்ணா மூணும் வந்துச்சு. அதுலதான் நான் பாஸ். நீங்க எப்படிண்ணா ஃபெயில்?"

தண்ணி

மறுதேர்வில் தேறினேன். அதன் பிறகு ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மூன்று மாதப் பயிற்சி. வெறும் மாத்திரையை நீட்டினால் போதாது, எப்படிச் சாப்பிடவேண்டும், எதைத் தவிர்க்கவேண்டும் என்று நோயாளியிடம் சொல்லவேண்டும். நான் ஆசைப்பட்ட வேலை. முதல் வாரமே ஒரு ஆட்டோக்காரர் மனைவியோடு வந்தார். வயிற்றுப்போக்கு. அவருக்கு எழுதியிருந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும். புத்தகத்தில் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை. தமிழில் எப்படிச் சொல்வது? "மது அருந்தாதீர்கள்" என்றால் பாட்டில் மேல் ஒட்டின எச்சரிக்கை மாதிரி இருக்கும். "தண்ணி அடிக்காதீங்க" என்றால் மனைவி பக்கத்தில் நிற்கிறார், மரியாதையாக இருக்காது. அதனால் "அடி"யை விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த அஞ்சு நாளும் தண்ணி கூடாதுங்க" என்றேன். அந்த அம்மா பலமாகத் தலையாட்டினார். நல்ல பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். சிக்னலில் தலை சுற்றி, வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாய்ந்துவிட்டாராம். உதடு வெடித்திருந்தது. "நீதானே சார் சொன்ன, தண்ணி கூடாதுன்னு? ஒரு சொட்டு தொடல. மாத்திரைய வாயப்பயத்துல வெச்சி முயிங்கிக்கினு கீறேன். டீயும் மோருந்தான் ஓடுது" என்றார். அவரை உட்காரவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி நானே கொடுத்தேன். டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்று சொன்ன பிறகு, நான் சொல்லவந்தது எந்தத் தண்ணி என்று விளக்கினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் அத்தத் தொட்டதே இல்ல நைனா. வாயால சொல்ல வெக்கமா இருந்தா கையால காட்டியிருக்கலாமே. இவ ஊட்ல கொடத்தையே தூக்கிப் பரண் மேல வெச்சிட்டா."

இரண்டு நிமிஷம்

அன்றிலிருந்து நான் "பீரு, பிராந்தி, எதுவும் கூடாது" என்றுதான் சொல்கிறேன், யார் பக்கத்தில் நின்றாலும். சொன்னதோடு விடுவதில்லை. எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர்களைத் திருப்பிச் சொல்லவைக்கிறேன். ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். பார்மசி கவுன்சிலில் பதிவு முடிந்து, பார்மசிஸ்ட் சர்டிபிகேட்டோடு மேனாம்பேடு கடைக்கு மறுபடி முழு நேரமும் வந்த முதல் வாரத்திலேயே கவுன்டர் முன்னால் கூட்டம் நின்றது. "இன்னாண்ணா, படிச்சுட்டு வந்து எங்களுக்குப் பரீட்சை வைக்கறியா?" என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். கொஞ்ச நாளாக எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். இரண்டு சீட்டு, இரண்டு டாக்டர், இரண்டு மாத்திரை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். இரண்டு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலே பெயர் வேறு, நிறம் வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின். ஒரே பிரஷர் மாத்திரையைக் காலையில் ஒரு பெயரிலும் மாலையில் ஒரு பெயரிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டும்படி சீட்டில் எழுதிக் கொடுத்து, இன்றைக்கே போகச் சொன்னேன். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ஒரு வருஷமா ரெண்டையும் நீதானேப்பா எடுத்துக் குடுத்தே. அப்பல்லாம் ஏன் கேக்கலே?"

அயனம்பாக்கம்

அந்த வாரக் கடைசியில் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். புதுக் கடை லைசென்ஸில் பார்மசிஸ்ட் என்று என் பெயரை எழுதியாகிவிட்டது. கண்ணாடி அலமாரி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம் என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். மேலே பேசினார். இரண்டு நிமிஷக் கதையெல்லாம் புதுக் கடையில் எடுபடாதாம். அங்கே ஃப்ளாட் ஜனம், நிற்க நேரமில்லாதவர்கள். கவுன்டருக்குப் பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களைப் போட்டுக்கொள்ளலாம், இந்தக் கடைக்குத்தான் என் கை பழகின கை. சம்பளத்தையும் ஏற்றித் தருவதாகச் சொன்னார். என் மகள் காலேஜ் சேரவேண்டிய வருஷம் இது என்பது அவருக்குத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை. என் பரீட்சைக்கெல்லாம் லீவு கொடுத்தவர், சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே மனதார நம்புகிறவர். "சர்டிபிகேட் அங்க தொங்கட்டும், நீ இங்க இரு. ஊர்ல எல்லாரும் அப்படித்தானேய்யா பண்றாங்க?" என்றார்.

சர்டிபிகேட் எந்தக் கடையில் தொங்குகிறதோ அந்தக் கடையில்தான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன் என்று மறுநாள் காலை அவரிடம் சொன்னேன்.