வலிக்குதா என்று கேட்டவர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். எதிரே விரல் நீளத்தில் ஓர் எருமைக்கொம்புத் துண்டு கிடக்கிறது. ஒரு முனை உருண்டையாக இருக்கும். எத்தனையோ பேருடைய உள்ளங்காலில் பட்டுப் பட்டு அந்த முனை கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டது. இது என் மாமனாருடையது.

மாமா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்தபோது, அவர்கள் தங்கியிருந்த கொட்டடிக்கு எதிரே சவரக்கடை வைத்திருந்த ஒரு சீனக்காரரிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாராம். உடம்பிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளங்காலில் ஓர் இடம் உண்டு என்பார். கட்டைவிரல் தலைக்கு, நடுப்பள்ளம் வயிற்றுக்கு, குதிகால் இடுப்புக்கு. கொம்பால் அழுத்தும்போது எந்த இடம் வலிக்கிறதோ அந்த உறுப்பில் கோளாறு. அதையே நாள்தோறும் அழுத்தி வந்தால் கோளாறு தீரும். “வலி பொய் சொல்லாது மாப்ள” என்று அடிக்கடி சொல்வார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன வருடம் மாமியார் இறந்தார். ஒரே மகளோடு இருக்கலாம் என்று மாமா முதலியார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலமானால் நான் வேலை பார்த்த மில்லிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்திலிருந்தும் வருவார்கள். என்னோடு தறியில் நின்ற ஒருவன் வாய்க்கொழுப்பு உள்ளவன். “அன்னைக்கு வெள்ளக்காரன் காலப் புடிச்சீங்க, இன்னைக்கு எங்க காலா, சொல்தா?” என்றான். மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அவன் காலு பூட்ஸுக்குள்ள இருந்துச்சுடா. உன் காலுதான் ஊரையே தூக்குது. போயி கழுவிட்டு வா.” அவன் கழுவிவிட்டு வந்தான், அதன் பிறகு நாள் தவறாமல் வந்தான். வயிற்று எரிச்சல் போய்விட்டதென்று எல்லோரிடமும் சொன்னான். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவன் காலை யார் அழுத்தினாலும் சுகமாகத்தானே இருக்கும், இதில் வைத்தியம் எங்கே வந்தது என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்டதில்லை. எனக்கும் பிடித்துவிடுவதாக மாமா பலமுறை கூப்பிட்டார். கல்யாணத்தன்று பந்தலில் என் காலைக் கழுவியவர். அந்த ஒரு நாளே எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. வேண்டாம் மாமா என்று நழுவிவிடுவேன்.

என் மனைவிக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். கல்யாணமான புதிதில் பாய் ஓரம் பட்டால்கூடக் காலை இழுத்துக்கொண்டு சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் கேட்ட சிரிப்பெல்லாம் அவளுடையதுதான். சில வருடங்களில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். பானைத் தண்ணீர் போதவில்லை. குடித்துவிட்டு எழுந்து போவாள், வந்து மறுபடி குடிப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மாமா கொம்பை எடுத்துக்கொண்டு மகளை எதிரே உட்காரவைத்தார்.

கட்டைவிரலிலிருந்து குதிகால்வரை ஓர் இடம் விடாமல் அழுத்தினார். “வலிக்குதாம்மா?” என்பார். “இல்லப்பா” என்பாள். “இங்க?” “இல்லப்பா.” இன்னும் பலமாக அழுத்தினார். முரட்டு மில்லாள்கூடக் கத்தியிருப்பான். இவள் தகப்பன் கையில் கால் இருக்கிறதே என்ற வெட்கத்தில் முந்தானையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா முகம் மலர்ந்துபோயிற்று. “உடம்புல ஒரு கொறையும் இல்ல மாப்ள. சூடு, அவ்ளோதான். எளநி வாங்கியாந்து குடுங்க.” எங்கள் மூவருக்கும் அன்று எவ்வளவு நிம்மதி! முன்பெல்லாம் பாய் பட்டாலே சிரித்தவள் ஏன் சிரிக்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு வாரந்தோறும் அழுத்தினார். வாரந்தோறும் இல்லப்பா என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமாவும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்று மூக்கைச் சுளித்தாள். “ஏதோ கருவுதே” என்று சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். துணியை உதறிப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புத்துண்டின் மேல் குதிகாலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். பாய்ந்து இழுத்தேன். மாமா எச்சில் கையோடு அவள் காலைத் தூக்கிப் பார்த்தார். “வலிக்கலயாம்மா?” “இல்லப்பா.” அதே சொல்தான். மாமா அந்தக் காலை விடாமல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குண்டூசியால் உள்ளங்காலில் குத்தினார். “வலிக்குதா?” என்றார். இல்லை என்றாள். சர்க்கரை வியாதி நரம்புகளைக் கெடுத்துவிட்டது, ரொம்ப நாளாயிருக்கும், ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டார். மாமா பட்டாளத்தில் நிற்பதுபோல நேராக நின்று, “நான் பாத்தேங்கய்யா. எங்கயுமே வலிக்கல” என்றார். டாக்டருக்கு அது புரியவில்லை. புண் ஆறவில்லை. காலை எடுத்தார்கள். அதற்கு மேலும் விஷம் ஏறி, பொங்கலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

டாக்டர் கையில் குண்டூசி, மாமா கையில் கொம்பு. இருவரும் உள்ளங்காலைத்தான் கேட்டார்கள், கேள்வியும் ஒன்று, பதிலும் ஒன்று. ஒருவருக்கு அது நோய் என்று தெரிந்தது. ஒருவர் சுகம் என்று எடுத்துக்கொண்டார். வலி பொய் சொல்லாமல் இருக்கலாம். வலி இல்லாதது சொல்லும் பொய்யைச் சைகோன் சீனக்காரர் மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காலைப் பிடித்துவிடுவதற்கு மேல் அந்த வித்தையில் ஏதாவது இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் எங்களுக்கு உதவவில்லை.

பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் மாமா வெளியே வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து ஒரு சாயங்காலம், மில்லிலிருந்து வந்து உட்கார்ந்த என் எதிரே கொம்போடு வந்து உட்கார்ந்தார். “காலக் குடுங்க மாப்ள.” அன்று நான் நழுவவில்லை. நீட்டினேன். அழுத்தினார். “வலிக்குதா?” என்றார். உயிர் போகிற வலி. “வலிக்குது மாமா” என்றேன். என் பாதத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, “வலிக்கட்டும் மாப்ள, வலிக்கட்டும்” என்று அழுதார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் அவரும் போய்விட்டார். இன்று அவர் பெட்டியைத் துடைக்கும்போது கொம்பு கிடைத்தது. என் காலை நானே மடக்கி அழுத்திப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே ஓர் இடம் சுள்ளென்றது. அது எந்த உறுப்பின் இடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மறுபடி அழுத்தினேன். வலிக்கிறது. வலிக்குதா என்று கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.

1962 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை