சீப்புக்குப் பல் முளைத்த கதை

இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரம் ஹாஸ்டலிலிருந்து மகள் ஜெனி வந்திருந்தாள். எம்.எஸ்சி. கடைசி வருஷம். வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகப் பேசவும் இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“இத படிம்மா. படிச்சிட்டு போன் பண்ணு. அப்புறம் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“என்ன விஷயம்? இப்பவே சொல்லேன்.”

“படிச்சாதான் சொல்லுவேன்.”

போய்விட்டாள். உங்கள் வீட்டுப் பெண் இப்படிச் சொல்லிவிட்டு பஸ் ஏறினால் உங்களுக்கு நிம்மதி இருக்குமா? எனக்கு இல்லை. லவ்வா? படிப்பை விடப் போகிறாளா? கன்னியாஸ்திரி மடத்தில் சேரப் போகிறாளா? மூன்றுக்கும் என்ன பதில் சொல்வது என்று அடுப்படியில் ஒத்திகை வேறு பார்த்தேன்.

புத்தகம் ஜப்பான்காரர்களின் படக்கதை, இங்கிலீஷில். மாங்கா என்று பெயர். (ஊறுகாய் ஜோக் வேண்டாம். என் வீட்டுக்காரர் அந்தோணி ஏற்கெனவே சொல்லி, அவரே சிரித்தும் முடித்துவிட்டார்.) உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற கதையாம். ‘முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும்’ என்று அட்டையில் போட்டிருந்தது.

அந்தோணி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். ஒரு தலை தனியாகக் கிடந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, ஜெனி நல்லாத்தான இருக்கா? ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமா?”

“ஃபாதருக்கு ஆயிரம் வேல இருக்கு. நான் படிக்கிறேன், விடுங்க.”

முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தியவள் நான். உங்களுக்கு இந்தப் பத்தியில் வாராவாரம் ‘அதைப் படியுங்கள், இதைப் படியுங்கள்’ என்று உபதேசம் செய்கிறவள். ஒரு படக்கதைக்கா பயப்படுவேன்?

முதல் வேலையாக, அட்டையில் இருந்த ரத்தம் தெரியாமல் ப்ரவுன் பேப்பர் போட்டேன். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பிறகு எப்போதும்போல் இடது பக்க அட்டையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. வயசைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு ஐம்பத்து நான்கு... இன்னும் எவ்வளவு முதிர்வது? படிக்காமல் புரட்டினேன்.

ஒரே சாம்பல் காடு. நடுவில் ஒரு சின்னப் பெண். கையில் ஒரே ஒரு பல் மிச்சமிருக்கிற மரச் சீப்பு. அதை வைத்துத் தலை வாரிக்கொண்டே “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்கிறாள். கேள்வியோடு தொடங்கும் கதை! சபாஷ் என்றேன்.

அதன் பிறகுதான் தலை சுற்றியது. ஒருவன் பதில் சொல்கிறான், அடுத்த கட்டத்தில்தான் கேள்வி வருகிறது. ஒரு பக்கத்தில் வெட்டுப்பட்ட கை, அடுத்த பக்கத்தில் அது ஆளோடு ஒட்டியிருக்கிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இடிந்த கட்டடம் நிமிர்கிறது. சீப்புக்கு இரண்டு பல், ஐந்து பல் என்று முளைத்துக்கொண்டே போகிறது! மந்திரச் சீப்பா?

நியாயமாக அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லையே! நான்தான் பெரிய வாசகி ஆயிற்றே. நவீன எழுத்தில் காலம் நேர்கோட்டில் போகாது என்று நானே எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்? ‘ஆஹா, என்ன உத்தி!’ என்று மெச்சிக்கொண்டே படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் வீட்டில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சீப்பில் அத்தனை பல்லும் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை போன் போட்டேன். “சூப்பர்டி! ஆரம்பத்துலதான் ஒரே அழுவாச்சி. கடைசியில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறாங்க பாரு, நிம்மதியா இருந்துச்சு.”

“நெஜமாவே படிச்சியாம்மா?”

“வரிக்கு வரி.”

“சரிம்மா.”

“என்னவோ விஷயம்னியே?”

“ஒண்ணுமில்ல, விடு.” வைத்துவிட்டாள்.

வியாழன் போன் எடுக்கவில்லை. வெள்ளி எடுத்தாள், ‘ம்’ என்ற ஒரு எழுத்தோடு சரி. நான் என்ன தப்பு செய்தேன்? படிக்கச் சொன்னாள், படித்தேன். பாராட்டினேன். வேறு என்ன வேண்டும் இவளுக்கு? கோபமும் பயமும் மாறி மாறி வந்தது. சனிக்கிழமை காலை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு நூர்ஜஹான். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர். பரங்கிப்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். புலம்பியபடியே புத்தகத்தைக் காட்டினேன். வாங்கியவள், வலது பக்க அட்டையைத் திறந்தாள்.

“அட, கடைசியிலேருந்து பாக்கற?”

“கடைசியா? பேஜ் நம்பர் இங்கேருந்துதான டீச்சர் ஒண்ணு, ரெண்டுன்னு போவுது? நாங்க குர்ஆன் ஓதறப்ப பொரட்டற மாதிரிதான்.” மறுபக்கத்தைத் திருப்பி, நான் தாண்டிப்போன எச்சரிக்கையை வாசித்தாள். “‘நில்லுங்க! தப்பான பக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறீங்க’ன்னு போட்டிருக்கே... இத நீங்க பாக்கலியா?”

பேஜ் நம்பர் பார்த்துக்கொண்டா கதை படிப்பார்கள்? கணக்கு டீச்சர் படிப்பாள் போலிருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு பஸ் மாற பி.முட்லூரில் இறங்குகிற வரைக்கும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச வழியில் வலமிருந்து இடமாகப் புரட்டினேன். ஏழு பேர் சாப்பிடுகிறார்கள். பிறகு ஆறு பேர். நான்கு பேர். ஒவ்வொருவர் போகும்போதும் சீப்பில் பல் உடைகிறது. அவள் மட்டும் தினமும் எழுந்து தலை வாருகிறாள். கடைசிப் பக்கம் சாம்பல் காடு. கடைசி வரி, “யாராவது இருக்கீங்களா?”

இதைப் படித்துவிட்டுத்தான் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள் என் மகள். நான் நிம்மதியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்!

ஹாஸ்டல் வாசல் பெஞ்சில் ஜெனி வந்து உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

“பின்னாலேருந்து படிச்சிட்டேண்டி.”

“பின்னாலேருந்துன்னா?”

“செத்தவன்லாம் எழுந்து வந்தான். சீப்புக்குப் பல்லு மொளச்சுது.”

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வாட்ச்மேன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

ரூமில் கூட இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்னொருத்தி படிப்பை விட்டுவிட்டாள். இவளுக்கு இரண்டு அரியர். அதை எங்களிடம் மறைத்திருக்கிறாள். கிளாசுக்குப் போயே பல நாள் ஆகிறதாம்.

“மெஸ்ல கூட யார்கிட்டயும் பேசறதில்லம்மா. வாயால சொல்ல வரல. இத படிச்சா உனக்குப் புரியும்னு நெனச்சேன். நீ நிம்மதியா இருந்துச்சுன்னதும்... உனக்கே புரியலன்னா இனிமே யார்கிட்ட சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

“ஏண்டி, மூணு வரியில சொல்ற விஷயத்த முந்நூறு பக்கம் படிக்க வெச்சா சொல்லுவ?”

“நீதானம்மா எழுதின? கஷ்டத்த நேரா சொல்ல முடியாது, கதையாத்தான் சொல்ல முடியும்னு?”

எழுதினேன்தான். இதே பத்தியில்தான். என் மகளும் என் வாசகி என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாராவது ஒரு புத்தகத்தைக் கொடுத்து ‘படித்துப் பார்’ என்றால், கதையைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனாலும் என் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. “எல்லாமே போச்சு, பாக்கறதுக்கு ஒரு ஆளும் இல்ல. அந்தப் பொண்ணு எதுக்குடி தல வாருது?”

“தெரியலம்மா. ஒரு பல்லு இருக்கற வரைக்கும் வாருவா போலருக்கு.”

ஜெனியின் தலையைப் பார்த்தேன். படிய வாரியிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தோணிக்கு போன் போட்டேன். அரியரைச் சொன்னேன், அழுததைச் சொன்னேன். இன்று இவளோடு இங்கேயே தங்குகிறேன் என்றேன். மனுஷன் மெதுவாகக் கேட்டார்.

“அந்த புக்குல... கடைசியில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறாங்கன்னு சொன்னியே?”

“ஆமாங்க. நாளைக்குத்தான். மீன் கொழம்ப நீங்கதான் தூக்கிட்டு வரணும்.”