யாரோ ஒரு பொண்ணு

எனக்கு வயது எழுபத்துமூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொல்வாய் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு பெருமை இல்லை.

இன்னொரு விஷயம். வழக்கமாக நான் வாயால் சொல்வேன், என் மருமகள் மகேஸ்வரி எழுதுவாள். நான் இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்தவள். எனக்கு இன்றைக்கும் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் ஒன்றுதான். இந்த வாரம் நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பத்திரிகை ஆபீஸ் தம்பி பொறுமையாகத் திருத்திப் போட்டுக்கொள்ளட்டும்.

மகேஸ்வரி ஏன் எழுதவில்லை? அவள் கை நன்றாகத்தான் இருக்கிறது. கால்தான் வீங்கியிருக்கிறது. ஆனால் காரணம் கால் இல்லை... நடந்ததை அவளிடமே சொல்லி, எழுதிக்கோ என்று எந்த வாயால் சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

எங்கள் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாக ஒரு பார்க் வந்திருக்கிறது. முன்பு அங்கே சீமைக்கருவேல முள்தான். இப்போது நடக்கத் தனிப் பாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், வாலிபால் ஆட நெட் கட்டிய கிரவுண்டு. புங்க மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு வேறு... சோறு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிடலாம். ஞாயிறு வந்தால் ஆரணியில் பாதி ஊர் அங்கேதான்.

"அத்தை, நீங்களும் வாங்க. ஒரு வேள வெளிய உக்காந்து சாப்டலாம்" என்று மகேஸ்வரி ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மகனுக்கு அரிசி மில்லில் வேலை. ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அதனால் நான், அவள், நாலாவது படிக்கும் என் பேத்தி குட்டி, மூன்று பேரும் டிபன் கேரியரோடு போனோம்.

போனதும் மகேஸ்வரி ஒரு பையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள். திரும்பி வந்தவளைப் பார்த்தேன். என் மகனின் டிராக் பேண்ட். அவனுடைய பழைய பனியன் சட்டை. புடவை சுருண்டு பைக்குள் கிடந்தது!

"இன்னாடி கோலம் இது?"

"அத்தை, அங்க பொண்ணுங்க வாலிபால் ஆடறாங்க அத்தை. ஒரு ஆளு கம்மியாம், நேத்தே என்ன கூப்ட்டாங்க. ஸ்கூல்ல ஆடினது தான்... ஒரு மணி நேரம் அத்தை."

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "ஜல்தி வந்து சேரு" என்றேன். யார் கண்ணிலும் படாமல் ஆடிவிட்டு வந்தால் சரி என்று மனதுக்குள் ஒரு வேண்டுதல். பந்து விளையாட்டை யார் கண்ணிலும் படாமல் எப்படி ஆடுவது? அதையெல்லாம் யார் யோசித்தார்கள்!

குட்டி ஊஞ்சலுக்கு ஓடிவிட்டாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா. தேவிகாபுரமாம், ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் நடைபாதையில் ஒரு ரவுண்டு போயிருந்தார்கள். பார்க்குக்கும் பட்டுப்புடவை கட்டி வருகிற ரகம். பார்டரைப் பார்த்தேன்... எங்கள் ஊர்த் தறிதான். மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏங்கக்கா... நீங்க பேப்பர்ல எழுதறவங்க தான? போட்டோல பாத்துகீறேன்."

அவ்வளவுதான். என் தலை புங்க மரத்து உச்சிக்குப் போய்விட்டது.

"மருமவளுங்க எப்டி இருக்கணும்னு எழுதினீங்களே, அத எங்கூட்ல ரெண்டு பேத்துக்கும் படிச்சிக் காட்டச் சொன்னேன். ரெண்டும் மூஞ்ச தூக்கிவச்சிகினு போச்சிங்க."

"எல்லாம் வளக்கறதுல கீதுங்க" என்றேன் நான். "எங்கூட்ல பொம்பளைங்க சத்தமா சிரிச்சி நீங்க கேக்க முடியாது."

அவர் ஒரு மூடியில் புளிசாதம் வைத்துக் கொடுத்தார். நான் வடை கொடுத்தேன். புளிசாதத்தில் உப்பு தூக்கல். "பிரமாதம்" என்றேன். அன்றைய பொய்க்கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அவர் கிரவுண்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அய்ய... அங்க பாருங்களேன் அந்தப் பொண்ண! கழுத்துல தாலி கீது, ஆம்பள பேண்ட்ட மாட்டிகினு இன்னா எகிறு எகிறுது! யாரு வூட்டு மருமவளோ... மாமியாக்காரி எங்க புல்லு புடுங்கினு கீறாளோ?"

மாமியார்க்காரி வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

'எங்க வூட்டு பொண்ணு தாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வலிக்குமா? ஆனால் மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தேனே... அங்கிருந்து இறங்க மனசு வரவில்லை.

"யாரோ... யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. "பெத்தவங்கள சொல்லணும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். கண்ணமங்கலத்தில் பேசாமல் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு பங்கு!

சொல்லி முடிக்கிறேன், என் காலடியில் என்னவோ இடித்தது. பந்து.

நிமிர்ந்தேன். மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை. சிரித்தபடி ஓடி வந்திருப்பாள் போல. சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

குனிந்து பந்தை எடுத்தாள். "எடுத்துக்கிறேங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

கவனித்தீர்களா? வெறும் 'ங்க'. பதினைந்து வருஷமாக 'அத்தை' இல்லாமல் என்னிடம் அவள் ஒரு வாக்கியம் பேசியதில்லை. தண்ணி கொண்டாரட்டா அத்தை, மாத்திர போட்டீங்களா அத்தை, கரண்ட் போச்சி அத்தை... அன்றைக்கு முன்பின் தெரியாத ஒரு கிழவியிடம் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போனாள். நான் கேட்டபடியேதானே செய்தாள்?

"கொரலு மட்டும் மரியாதையா தான் கீது" என்றார் தேவிகாபுரத்து அம்மா.

கொஞ்ச நேரம் போயிருக்கும். நெட்டருகே எகிறினாள். இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. "அம்மா!" என்று ஒரு சத்தம்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். விசில் வைத்திருந்த பெண் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது: "அக்கா, கூட யாராச்சும் வந்துகீறாங்களா?"

மகேஸ்வரி எங்கள் மரத்துப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா... நான் தனியா தான் வந்தேன்."

தேவிகாபுரத்து அம்மா அதற்குள் எழுந்துவிட்டார். அவருக்கு மூட்டுவலி, எழுவதற்கே பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அய்யோ பாவம், ஒண்டியா வந்துகீது" என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஓடினார். கீழே உட்கார்ந்து அவள் காலைத் தன் பட்டுப்புடவை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

நான்? கையில் புளிசாத மூடியோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் என்னோடு என் பொய்யும் எழுந்து நிற்குமே! அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே ஒருத்தி மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது ஊஞ்சலிலிருந்து குட்டி ஓடி வந்தாள். அவள் குரல் என்னுடைய குரல், அடுத்த தெரு வரைக்கும் போகும்.

"ஆயா! அம்மா வுழுந்துட்சி! நீ இன்னா இங்க குந்திகினு வட துன்னுகினு கீற?"

பார்க்கே திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் மிகைதான். ஆனால் திரும்ப வேண்டிய ஒருத்தர் திரும்பினார். தேவிகாபுரத்து அம்மா குட்டியைப் பார்த்தார். மடியில் இருந்த காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"வாங்கக்கா... வந்து உங்க யாரோவ ஒரு கை புடிங்க."

போனேன். பெஞ்சிலிருந்து நெட் வரைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? எனக்கு அது வேலூர் வரைக்கும் போன மாதிரி இருந்தது.

மகேஸ்வரியின் தோளைப் பிடித்தேன். அவள் உதறவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

சூழ்நிலையை மாற்ற நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மா அவள் காலை நீவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, புள்ள பெத்தவ... உனுக்கு ஏன் இந்த பேஜாரு?"

"வாரம் பூரா தறிக்குழில கால வுட்டுகினு உக்காந்துகினே கீறேங்க. இன்னிக்கி கொஞ்ச நேரம் எகிறினப்போ தான் இது என் காலுன்னு தெரிஞ்சிது."

எனக்குச் சொல்லவில்லை. அவருக்குத்தான் சொன்னாள். பதினைந்து வருஷமாக, எங்கள் வீட்டில் அவள் தறி மிதிக்கிற அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடிக்கிறேன். நான் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லியிருப்பாள். புடவை பார்டரைப் பார்த்தவுடன் எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுகிற எனக்கு, அந்தத் தறிக்குள் இருக்கிற கால் கண்ணில் படவில்லை.

"நல்லா தான் ஆடின நீ" என்றார் அந்த அம்மா. "எனுக்கு முட்டி வலி. எகிற முடியலன்ற வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். மனசுல வச்சிக்காத."

பாருங்கள், முன்பின் தெரியாதவருக்கு அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! எனக்கு வந்ததா? ஆட்டோவில் ஏறும்போது "பாத்து ஏறு" என்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

சாயந்திரம் மகன் வந்தான். காலைப் பார்த்துப் பதறிப்போய் என்னிடம் கேட்டான்: "நீ எங்கம்மா இருந்த அப்போ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"அத்தை பக்கத்துலயே தான் இருந்தாங்க."

பொய் இல்லை. பக்கத்திலேயேதான் இருந்தேன். அதுதானே வலிக்கிறது!

டாக்டர், காலை ஊன்றக் கூடாது, தறி மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணப் புடவை ஒன்று தறியிலேயே பாதியில் நிற்கிறது. எந்நேரமும் தடதட என்று இருக்கும் வீடு, வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. சமையல் இப்போது நான்தான். "சாம்பார் நல்லா கீது அத்தை" என்கிறாள். ஆமாம், 'அத்தை' திரும்பி வந்துவிட்டது. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்தால் பேப்பரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, "இந்த வாரம் இன்னா சொல்லப் போறீங்க அத்தை?" என்று கேட்பாளே... அதைக் கேட்கவில்லை. "கொஞ்ச நேரம் படுக்கறேன் அத்தை" என்று உள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறு பேரை வளர்த்தேன். தப்பு செய்தால் ஒத்துக்கொள்ளணும் என்று ஆறு பேருக்கும் முதுகில் இரண்டு போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். என் முதுகில் போட மட்டும் ஆள் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. "பேப்பர்ல எழுதறவங்க தான?" என்று அந்த அம்மா கேட்டபோது, எழுதுகிறவள் நெட்டுக்கு அந்தப் பக்கம் எகிறிக்கொண்டிருந்தாள். நான் பேசுகிறவள்தான். என் பேச்சைப் படிக்கிற மாதிரி ஆக்கியது அவள் கை. இத்தனை நாள் வந்தது என் போட்டோ மட்டும்.

தேவிகாபுரத்து அம்மா, இதை உங்கள் மருமகள்கள் யாராவது படித்துக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான். அது எங்க வூட்டு பொண்ணு. பேர் மகேஸ்வரி. அப்புறம்... புளிசாதத்தில் உப்பு தூக்கல்.

அவ்வளவுதான், எழுதிவிட்டேன். கை கடுக்கிறது.

ஏ குட்டி, இங்க வா. இத மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். தறி ஓடல, சும்மா தான் கீது வூடு... இருந்தாலும் நல்லா சத்தமா படிடி. உள் ரூம் கதவு சாத்திகீது.