எங்கள் கயிறு

என் கணவரைக் கொள்ளைக்காரன் என்று எழுதிய காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மலாய் படிக்க வராது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் படித்துச் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

எழுபதுகளின் கடைசி அது, மலேசியாவில் ஒரு தேயிலைத் தோட்டம். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கென்று இருந்த சொத்து ஒரு பசுதான். நாங்கள் இருவருமே தேயிலைக் காட்டில் கிடந்ததால் புல் அறுக்க ஆளில்லை. மேல் லயத்துக்காரர் ஒருவரிடம் பசுவை, கன்றில் பங்கு தருவதாக, வாரத்துக்கு விட்டோம். முதல் கன்று வளர்த்தவருக்கு, இரண்டாவது கன்றும் பசுவும் எங்களுக்கு. இதற்கெல்லாம் யாரும் காகிதம் எழுதுவதில்லை. கோயில் வாசலில் நின்று பேசி முடித்தோம்.

முதல் கன்று அவர் கொட்டகையிலேயே நோயில் செத்தது. இரண்டாவது, அழகான கிடேரி. அதைப் பார்த்ததும் அவருக்குப் புத்தி மாறிவிட்டது. செத்தது சேராது, இதுதான் தனக்கு முதல் கன்று என்றார். பசுவை மட்டும் அனுப்பினார். பலமுறை கேட்டும் கன்றைத் தரவில்லை.

ஒருநாள் தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு என் கணவர் நேராக அவர் கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி, தோளில் கடையில் வாங்கிய புதுக்கயிறு. அடுத்தவர் கயிற்றோடு மாட்டை ஓட்டிவருவது எங்களிடம் ஆகாது. அவர் கயிறு அவரோடு நிற்க வேண்டும், மாடு நம் கயிற்றில் வர வேண்டும். புதுக்கயிற்றைக் கட்டிவிட்டுப் பழையதை அவிழ்க்கப் போனால், அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவர் அவரை ஒரு தள்ளு தள்ளினார். கத்தியை எடுத்தார். கயிற்றை மட்டும்தான் அறுத்தார்.

கத்தியைக் காட்டிக் கன்றைப் பறித்ததாகப் புகார் போனது. போலீஸ் ஆளையும் கன்றையும் சேர்த்தே கொண்டுபோனது.

"எங்க கன்னுக்குட்டிய நாங்க ஓட்டிட்டு வந்தோம்லா. இதுல கொள்ளை எங்க வந்துச்சு?" என்று வக்கீலிடம் கேட்டேன். அவரும் தமிழர்தான், டவுனில் வளர்ந்தவர்.

"ஒங்க கன்னுன்னு மனசார நம்பி எடுத்திருந்தா கொள்ளை நிக்காதும்மா. அப்படி நம்புனாருன்னு காட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. வாய்ப்பேச்சுதான்."

தள்ளியதை ஒப்புக்கொண்டால் கொள்ளைக் குற்றத்தை எடுத்துவிடுவார்கள் என்றார் வக்கீல். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். கன்று யார் கொட்டகையில் இருந்ததோ அவரிடமே போகட்டும், உரிமை வேண்டுமானால் சிவில் வழக்குப் போடலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். சிவிலுக்கு எந்தப் பஸ் ஏற வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அந்த மனிதர் எங்கள் வாசல் வழியாகத்தான் கன்றை ஓட்டிப்போனார். அதன் கழுத்தில் நாங்கள் வாங்கிய புதுக்கயிறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருட வந்தவன் கடைக்குப் போய்க் கயிறு வாங்கி வருவானா? வக்கீல் கேட்டபோது இது என் வாயில் வரவில்லை. ஊருக்கே தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர் கயிற்றை அவரிடமே விட்டுவந்தவர் கொள்ளைக்காரன். எங்கள் கயிற்றோடு போனவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.