மலைக்கு அந்தப் பக்கம்: பொன்முடியும் ஒரு ஹர்த்தாலும்

முதலில் மன்னிப்பு. பத்து ஊர் சுற்றியவர்கள் எழுத வேண்டிய விஷயத்தை, ஒரே ஓர் ஊருக்கு ஒரே ஒரு தடவை போய்வந்த நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் செய்த தவறுகள் உங்களுக்கு உதவலாம்.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். மேற்கே பார்த்தால் மலை. ஆடி, ஆவணியில் மலை உச்சி முழுவதும் மேகம் கவிந்திருக்கும். எங்களுக்கு வருவது காற்றும் புழுதியும்தான். அம்மா பீடி சுற்றுபவர். முறமும் மடியுமாக வாசலில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக் கேட்பார்: "ஏட்டி, அம்புட்டு மேகமும் அங்கயே நின்னுகிட்டு என்னதான் செய்யுது?"

எனக்கு டிடிபி சென்டரில் வேலை கிடைத்ததும், எங்காவது போகலாம் என்றேன். பழனி, திருச்செந்தூர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "மலைக்கு அந்தப் பக்கம் போவோம். மழை எங்க போய் விழுதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன்" என்றார்.

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் தேடி பொன்முடியைக் கண்டுபிடித்தேன். திருவனந்தபுரத்திலிருந்து 61 கிலோமீட்டர், 22 கொண்டை ஊசி வளைவுகள், தேயிலைத் தோட்டம், மூடுபனி. அம்மாவுக்குக் கிடைத்ததோ மூன்றே நாள். அதுவரை அவர் கணக்கில் பீடி ஒப்படைக்கப் பக்கத்து வீட்டு அத்தை ஒத்துக்கொண்டார். முதல் நாள் போவது, இரண்டாம் நாள் பொன்முடி, மூன்றாம் நாள் திரும்புவது.

போன ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திருநெல்வேலியில் 7.45க்கு திருவனந்தபுரம் பஸ். நாகர்கோவில், களியக்காவிளை வழியாகப் பகல் 12.30க்குத் தம்பானூர், அதாவது திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்ட். ஆளுக்கு 62 ரூபாய். "மலையைத் தாண்டாம சுத்திக்கிட்டுல்லா வாரோம்" என்று அம்மா வழியெல்லாம் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இரட்டைக் கட்டில் அறை, நாளுக்கு 275.

மாலையில் பத்மநாப சுவாமி கோயில். சுடிதாரோடு போகிறவர்கள் கவனிக்கவும்: மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். வாசலுக்கு வெளியே வாடகைக்குக் கிடைக்கிறது. எனக்குக் கட்டத் தெரியவில்லை. நடுத்தெருவில் அம்மா கட்டிவிட்டார். "படிச்ச புள்ள, வேட்டி கட்டத் தெரியல" என்று அவர் சிரித்தது பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு சாலை பஜாரில் ஒரு சுற்று. தமிழ்க் கடைக்காரர்கள் நிறைய இருப்பதால் அம்மாவே விலை பேசி ஒரு குடை வாங்கினார்.

லாட்ஜுக்குத் திரும்பியபோது அறைகளைக் கவனிக்கும் தாசையன் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். களியக்காவிளைக்காரர்.

"அக்கா, நாளைக்கு ஹர்த்தாலாக்கும். பொன்முடியும் இல்ல, ஒண்ணும் இல்ல, கேட்டியளா?"

"பந்த்தா? பஸ்ஸு கொஞ்சம் லேட்டா வரும். அவ்வளவுதானே?" என்றார் அம்மா.

"உங்க ஊரு பந்துல டீக்கடைக்குப் பின்வாசல் தொறந்திருக்கும். இங்க பின்வாசலையும் பூட்டிட்டு அவனும் வீட்டுல கெடந்து உறங்குவான். காலம்பற ஆறுலேருந்து சாயந்தரம் ஆறு மணி வர ஒரு சக்கரம் உருளாது."

நாங்கள் நம்பவில்லை. எங்கள் ஊர் அனுபவத்தை வைத்து இந்த ஊரை எடை போட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காலை ஆறு மணிக்குத் தம்பானூர் ஸ்டாண்டில் போய் நின்றோம். எட்டரை வரை நின்றோம். பஸ்கள் எல்லாம் உறங்கும் யானைகள் மாதிரி வரிசையாக நின்றன. ரயிலில் வந்திறங்கியவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான், "சரி, கால் இருக்குல்லா" என்று நடக்க ஆரம்பித்தார். எம்.ஜி. ரோட்டின் நட்ட நடுவில், கைகளை வீசிக்கொண்டு, பாளையம் வரை நடந்தார். "நம்ம ஊர்த் தேரோட்டத்துக்குக்கூட ரோடு இவ்வளவு வெறிச்சோடிக் கெடக்காதுட்டி." ஒரு மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். மாலை ஆறு அடித்ததும் தம்பானூரில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போன சத்தம் இருக்கிறதே, ஊரே கொட்டாவி விட்டு எழுந்த மாதிரி இருந்தது.

"ஊருக்குப் போயிருவோம். மலை எங்க ஓடிப் போவுது?" என்றார் அம்மா. மலை ஓடாது. ஆனால் அம்மாவுக்கு இன்னொரு மூன்று நாள் எப்போது கிடைக்கும்? அந்நியரிடம் மணி கேட்கக்கூடத் தயங்குகிறவள் நான். அன்று விசாரணைக் கவுண்டரில் ஆண்கள் வரிசையை முட்டிக்கொண்டு போய், "பொன்முடி?" என்று கத்தினேன். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், "அஞ்சு முப்பது, விதுர வழி" என்றார். அதில் போனால் பகலுக்குள் இறங்கிவிடலாம், இரவே வீட்டுக்கும் போய்விடலாம்.

மூன்றாம் நாள் 5.30 பஸ். ஆளுக்கு 34 ரூபாய். நெடுமங்காடு தாண்டி விதுரையில் விடிந்தது. கல்லாற்றுக்குப் பிறகு வளைவுகள். பாதி வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. எட்டு மணிக்கு மேலே இறங்கினோம். "ஒம்போதே முக்காலுக்கு வண்டி திரிச்சுப் போகும். விட்டா பின்ன உச்சைக்குத்தான்" என்றார் கண்டக்டர். திரிச்சு என்றால் திரும்பி, உச்சை என்றால் நடுப்பகல். ஆக, எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அம்மாவோ குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தார். கையில் மயிர்க்கால்தோறும் நீர்முத்து. "இதுதானாட்டி அது? உள்ளயா நிக்கோம்?" என்றார்.

தேயிலைச் சரிவில், பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிய ஓர் அக்கா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். தமிழ்தான் பேசினார். அவருடைய விரல் வேகத்தை அம்மா தொழில்காரியின் கண்ணோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க மழை எப்பம் பெய்யும்?"

"எப்பம் விடும்னு கேளுங்க."

"எங்க மேகத்தையெல்லாம் நீங்கதான் பிடிச்சு வச்சிருக்கியளா?"

"வேணும்னா மூட்டை கட்டிக் கொண்டு போங்கக்கா. துவைச்ச துணி காஞ்சு பத்து நாளாச்சு!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அம்மா கிழக்குப் பக்கம் கையைக் காட்டி, "தெளிஞ்சிருந்தா இங்கேருந்து எங்க பக்கம் தெரியுமா?" என்று கேட்டார். அந்த அக்கா யோசித்தார். "பதினெட்டு வருசமா இங்கதான் இருக்கேன். குனிஞ்சா குனிஞ்சதுதான். நான் பாத்ததில்லையே."

மேகம் விலகவில்லை. கண்டக்டர் விசில் அடிக்கும் வரை இருவரும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பகல் 12.20க்குத் தம்பானூர், இரவு எட்டுக்கு வீடு. மறுநாள் காலை அம்மா மறுபடி முறத்தின் முன்னால். மேற்கே பார்க்கும் விதம் மட்டும் மாறிவிட்டது. இப்போது கேள்வி கேட்பதில்லை, தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேரளத்துக்கு எத்தனை நாள் திட்டமிட்டாலும் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். முந்தின மாலை லாட்ஜில் ஹர்த்தால் உண்டா என்று கேளுங்கள், சொன்னால் நம்புங்கள். பொன்முடிக்கு பஸ்கள் குறைவு. இறங்கியதும் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு கையில் இருக்கட்டும். மலையைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்டில் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம், கூச்சமாக இருந்தது. உங்களில் யாராவது வெயில் நாளில் மேலே போனால், ஐந்து நிமிடம் கிழக்கே திரும்பி நின்று, எங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று இங்கே பின்னூட்டத்தில் எழுதுவீர்களா? எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். உள்ளது உள்ளபடியே அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.