யாரோ ஏற்றிவிட்ட வேகம்

மலேசியாவில் ரந்தாவுக்கு வெளியே மூன்றாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் எல்சியின் மகள் பமீலாவை எல்லோருக்கும் தெரியும். அவள் கோபத்தை அதைவிட நன்றாகத் தெரியும். இருபது வயதில் நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். முந்தின ஷிப்டில் எவனோ மெஷினைக் கெடுத்துவிட்டுப் போக, சூப்பர்வைசர் அதை அவள் பேரில் போட்டான். அவள் மறுத்தாள். யாராவது ஒருத்தர் பேரைப் போட்டுத்தானே ஆகவேண்டும் என்றான் அவன். கையுறையைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்தவள், தொழிற்சாலை பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வெயிலில் பெரிய சாலைவரை நடந்தே வந்துவிட்டாள். செய்யாத தப்புக்குத் தலையாட்ட முடியாது என்று வீட்டில் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வந்தவளோடு எல்சி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தாள். முதலில் ஞானஸ்நானம், பிறந்தநாள். பிறகு கோயில் திருமணங்கள், சடங்குகள். முப்பத்திரண்டு வயதாகும்போது ரெம்பாவ் வரைக்கும் அவளைத் தேடி ஆள் வந்தார்கள். எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிச் சேர்க்க, சிரம்பானில் ஒரு கடையில் சொல்லி நல்ல கணினியாகச் செய்து வாங்கினாள். லயத்து வீட்டின் முன்னறையில், சிலுவைப் படத்துக்குக் கீழே அது இருந்தது. பகலில் அவள் வெளியே போயிருக்கும்போது தம்பி கிளென் அதில் கேம் விளையாடுவான். நீலாயில் ஒரு கிடங்கில் அவனுக்கு ஷிப்ட் வேலை. பாதிப் பகல் வீட்டில்தான். அவள் ஒன்றும் சொன்னதில்லை. தம்பிதானே.

பமீலாவுக்கு வந்த வேலைகளில் ஒன்று விமலாவின் கல்யாணம். அது ரந்தாவ் கோயில் மண்டபத்தில் நடந்தது. விமலாவின் அப்பா முருகையா சிறுநீரகக் கோளாறில் படுத்துக் கிடந்தவர். மகள் கல்யாணத்துக்காகச் சக்கர நாற்காலியில் வந்து, மேடைக்குக் கீழே இருந்தபடியே இரண்டு பேரையும் வாழ்த்திப் பேசினார். நீளமாகப் பேசினார். ஓரிடத்தில் பேச முடியாமல் நிறுத்தி, இறங்கி வந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். பமீலா கிட்டே போய் எடுத்தாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். அடுத்த வாரம் வேறொரு வேலைக்கு கேமராவின் அதே மெமரி கார்டை அழித்துப் போட்டுக்கொண்டாள். எப்போதும் செய்கிற வழக்கம்தான்.

முருகையா செத்துப்போன பிறகுதான் விமலா வீடியோவுக்காக அவசரப்படுத்தினாள். பமீலா திறந்து பார்த்தால், அப்பா பேசுகிற இடம் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. குரல் கரகரவென்று அறுந்து அறுந்து வந்தது. தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விமலா வீட்டுக்கே வந்து முன்னறையில் உட்கார்ந்து அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள். பமீலா, கேமரா பழசாகிவிட்டது, கவனித்திருக்க வேண்டும், என் தப்புதான் என்று அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அந்த நேரம் கிளென் அதே அறையில், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கேமராவை விற்றுவிட்டு வேறு வாங்கினாள். இரண்டு வாரம் கழித்துக் கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். தானாக அணையும். தானாக மறுபடி உயிர் வரும். நாலைந்து தடவை அப்படிச் செத்துச் செத்துப் பிழைத்து, சில நாள் எழுந்துகொள்ளும். சில நாள் எழாது. சிரம்பான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடை முதலாளி, சீனத் தவுக்கே, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். உடனே ஓடியது. தூசி, அடிக்கடி துடையுங்கள் என்று மலாயில் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடி அதே கறுப்புத் திரை.

அன்று சனிக்கிழமை மத்தியானம், மழை. தங்கள் வீடியோவைக் கேட்டு ரெம்பாவ் கல்யாண வீட்டுக்காரர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்சி அடுப்படியிலிருந்து, அந்தச் சனியனைத் தூக்கி எறி என்றாள். பமீலா பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி, தவுக்கேக்குத் தெரிகிறது எனக்குத் தெரியாதா என்கிற ஆத்திரத்தோடு டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

மறுபடி மின்சாரம் கொடுத்தபோது, பலகையின் ஓரத்தில் ஒரு சிறு ஆரஞ்சு விளக்கு எரிந்து நின்றது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று போனில் தேடினாள். அது ரேம் சரியில்லை என்பதற்கான விளக்கு. ரேம் என்றால், கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் முதலில் வாங்கி வைத்துக்கொள்கிற இரண்டு நினைவகப் பட்டைகள். இரண்டையும் உருவி, அடியில் இருந்த உலோகப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினாள். கறுப்புத்தான். ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தாள். கறுப்பு. அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினாள். செத்துச் செத்துப் பிழைத்து, கடைசியில் திரைக்கு உயிர் வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி: ஓவர்கிளாக்கிங் தோல்வி, அமைப்பைத் திறக்கவும்.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிது. பட்டைக்கு விதித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவது என்று போன் சொன்னது. யாராவது கைவைத்து மாற்றினால்தான் அப்படி ஆகும், தானாக ஆகாது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பட்டையின் மேல் ஒட்டியிருந்த எண் வேறு, திரையில் இருந்த எண் வேறு. மூவாயிரத்து இருநூறில் ஓட வேண்டியதை நாலாயிரத்துக்கு ஏற்றி, மின்னழுத்தத்தையும் யாரோ கூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் கணினியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்.

பமீலா மேலே படித்தாள். அளவுக்கு மீறி ஓடுகிற பட்டை எழும்பாமல் போவது ஒரு தொல்லை. எழும்பிவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை. அது பிடித்து வைத்துக்கொண்ட விஷயம் சத்தமில்லாமல் மாறிப்போகும். அந்த நேரத்தில் நகல் எடுத்த கோப்புகள் பழுதாகலாம். இந்த வரிக்கு வந்தபோது விமலாவின் கல்யாண வீடியோ அவளுக்கு ஞாபகம் வந்தது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாள். வேகத்தை விதித்த அளவுக்கே இறக்கி, இரண்டு பட்டைகளையும் மாட்டி, பென்டிரைவில் நினைவகச் சோதனையை ஓடவிட்டாள். ரெம்பாவ்காரர்களிடம் நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. பிறகு தன் கையாலேயே பழையபடி நாலாயிரத்துக்கு ஏற்றினாள். பல தடவை முரண்டு பிடித்து எழும்பியது. சோதனை தொடங்கின கொஞ்ச நேரத்தில் திரை நிறைய சிவப்பு வரிகள். பட்டை கெடவில்லை. விற்றுத் தொலைத்த கேமராவும் கெட்டதில்லை.

மழை விட்டபோது கிளென் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். திறந்து கிடந்த பெட்டியையும் சிவப்புத் திரையையும் பார்த்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"நீதானே ஏத்துன?" என்றாள் பமீலா.

கேம் திக்கித் திக்கி ஓடியதாகவும், கூட வேலை பார்க்கிற ஒருத்தன் சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னான். கல்யாணத்துக்கு முந்தின மாதமே ஏற்றியிருக்கிறான். தவுக்கே பேட்டரியைக் கழற்றியதும் எல்லாம் பழைய அளவுக்கு இறங்கிவிட்டதைப் பார்த்து, மறுபடியும் ஏற்றியிருக்கிறான்.

"ஓடிக்கிட்டுதானே இருந்துச்சிக்கா," என்றான்.

"விமலா அழுதப்ப நீ இங்கதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த. நான் மன்னிப்புக் கேட்டது உன் காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சி."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

கிளென் ஹெல்மெட்டின் வாரை இழுத்துக்கொண்டே இருந்தான். "தெரியாதுக்கா. சந்தேகமா இருந்துச்சி."

அந்த ஒரு சொல்தான் அவளை எரித்தது. அறியாமல் செய்திருந்தால் இரண்டு அறை அறைந்துவிட்டு அடங்கியிருப்பாள். சந்தேகம் இருந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்சி அடுப்படி வாசலுக்கு வந்து, ரோசாக் ஆனது, கெட்டுப்போனது ஒரு சாமான், அதற்காகச் சின்னப் பையனைப் போட்டு இந்தப் பாடு படுத்துவதா என்று குறுக்கே விழுந்தாள்.

"தாடி மழிக்கிறவன் சின்னப் பையனாம்மா?" என்றாள் பமீலா. "சாமான நானே சரி பண்ணிட்டேன். முருகையாவ யாரு சரி பண்றது?"

எல்சி அன்று சாப்பாட்டை மகனுக்கு மட்டும் எடுத்து வைத்தாள். பமீலா அதைப் பார்த்தாள். தானே போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும், வேறு பேச்சில்லாமல் தம்பியை மோட்டாரின் பின்னால் ஏறச் சொன்னாள். ரந்தாவ் தாமான் குடியிருப்பில் விமலாவின் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கு, நான் சொல்லமாட்டேன், நீயே சொல் என்றாள். விமலா கதவைத் திறந்தாள். கிளென் கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னான். அவன் அழுகிறானா என்று பமீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விமலா கத்தவில்லை. கேட்டு முடித்து, அவனைப் போகச் சொன்னாள். பிறகு பமீலாவிடம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த கோபம் பமீலாவின் கோபத்துக்குக் குறைந்ததில்லை.

"என்ன ஏதுன்னு பாக்காம அன்னைக்கு ஏன் உன் தப்புன்னு சொன்ன? தேடியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்லா. கார்ட அழிச்சது யாரு, அவனா?"

பமீலாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கார்டை அழித்தது அவள்தான். இன்னொரு நகல் எடுத்து வைக்காததும் அவள்தான். தம்பி மேல் மூட்டிய நெருப்பில் அதை அவள் யோசிக்கவே இல்லை. கேமராவைக் குறை சொன்னபோதும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களின் பேரையும் போன் எண்ணையும் மட்டும் கேட்டாள். எதற்கு என்று விமலா கேட்டாள். அன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருந்ததே என்றாள் பமீலா.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பலர் மேடையைத்தான் எடுத்திருந்தார்கள். சிலர் அழித்துவிட்டிருந்தார்கள். ஒருத்தர், போன வருஷத்துப் போனை விற்றாயிற்று என்றார். ரெம்பாவிலிருந்து வந்திருந்த விமலாவின் சித்தப்பா சன்னாசி மட்டும், அண்ணன் பேசியதைப் பக்கவாட்டிலிருந்து கை நடுங்க நடுங்கப் பிடித்து வைத்திருந்தார். முன்பாதி இல்லை. நடுவில் யாரோ ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. ஆனால் முருகையா பேச்சை நிறுத்தி மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கிற இடம் முழுசாக இருந்தது. பமீலா மோட்டாரில் போய் அதை நேரே வாங்கி, இரண்டு தனி டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகுதான் வேலையில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைக் குறைத்து, இரைச்சலை அடக்கி, கல்யாண வீடியோவில் உரிய இடத்தில் சேர்த்தாள்.

விமலா அதை வாங்கிக்கொண்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். பமீலாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

கணினிக்கு இப்போது கடவுச்சொல் உண்டு. கிளென் தன் சம்பளத்தில் வேறொன்று வாங்கி அறைக்குள் வைத்துக்கொண்டான். அக்காவும் தம்பியும் சாப்பாடு, பெட்ரோல், மழை என்று தேவைக்குப் பேசிக்கொள்கிறார்கள். அவன் ஒருநாள், எழும்பாமல் அடம் பிடித்த தன் கணினியின் முன்னால் நின்று, அக்கா கொஞ்சம் வந்து பாரேன் என்று கூப்பிட்டான். அவள் ரெம்பாவ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பட்டையாகக் கழற்றிப் பார் என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தாள்.

அந்த வாரம் விமலா போன் செய்தாள். அப்பா பேசுகிற இடத்தைத் தனியாக வெட்டி, சித்தப்பாவுக்கு ஒரு நகல் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். குரலில் இன்னும் விறைப்பு இருந்தது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் பமீலா.