எண்ணாதீங்க சார்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருமானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி என்னை அதட்டிவிட்டார். முப்பத்துநான்கு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனை, ஏழு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில்!

"எண்ணாதீங்க சார்! கண்ணு பட்டுடும்னு எத்தன தடவ சொல்றது?"

அவர் டீக்கடை ராசாத்தி. நான் எண்ணியது, கடைக்குப் பின்னால் சாக்கின்மேல் புரண்டுகொண்டிருந்த நாய்க்குட்டிகளை. பிறந்தவை மொத்தம் ஐந்து. அதில் ஒன்று எனக்கு. பழுப்பு நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. பிறந்த ஏழாம் நாளே சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. இதுவரை நாய் வளர்த்ததில்லை. ஆசை இல்லாமலா? பதினோரு ஊர், பதினோரு வாடகை வீடு. செந்துறை வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும் முன்பே சொன்னார் — "நாயி, கோழி, சுவத்துல ஆணி... மூணும் கூடாது சார்."

அந்த ஊரில் ஒரு தெருநாய் தினமும் என்னோடு ஆபீஸ் வரை வரும். சாயங்காலம் வாசலில் காத்திருக்கும். இரண்டு வருஷம். நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நம் நாய் ஆகிவிடுமே! மாற்றலாகிக் கிளம்பிய அன்று பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தது. முதல் மதகு... இரண்டாவது மதகு... மூன்றாவதில் காணவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிடலாம் என்றால், என்னவென்று கூப்பிடுவது?

இப்போது அரியலூரில் சொந்த வீடு. தடுக்க யாரும் இல்லை.

ஆனால் கேட்டில் பதினான்கு கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. குட்டியின் தலை நுழைந்துவிட்டால்? எங்கள் தெருவில் ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது சிமெண்ட் லாரிகள் போகின்றன. கேட் முழுக்கக் கம்பி வலை கட்டினேன். சாக்குப் படுக்கையை மூன்று தடவை இடம் மாற்றினேன். முதல் இடத்தில் வெயில், அடுத்ததில் எறும்பு, மூன்றாவதில் மழைச் சாரல் அடிக்குமோ என்று இன்னும் சந்தேகம். அலுமினியத் தட்டு ஒன்று கழுவிக் கவிழ்த்தாயிற்று.

"பேரன் தவழ்ந்தப்பகூட இந்தக் கேட்டுக்கு வலை கட்டல நீங்க," என்றாள் என் மனைவி கமலம்.

அது போகட்டும். வெள்ளிக்கிழமை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவள் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"ஏங்க, நாய்க்கு ஆயுசு எவ்வளவு?"

"பன்னெண்டு... நல்லாப் பாத்துக்கிட்டா பதினாலு."

"ஒங்களுக்கு இப்ப என்ன வயசு?"

அவ்வளவுதான். கீரையில் மூழ்கிவிட்டாள். நான் கூட்டிப் பார்த்தேன். எண்பது. இல்லாவிட்டால் எண்பத்திரண்டு. எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான். மறுபடியும் ஒரு நாயை ஓட விட்டுவிட்டு நான் போவதா? இந்தத் தடவை அது எந்த மதகு வரை ஓடும்?

ஞாயிறன்று பஸ் ஏறினேன். குட்டி வேண்டாம் என்று சொல்லிவிடத்தான்.

சொல்வதற்குள் கண் தானாக எண்ணிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாய்விட்டு இன்னொரு தரம் எண்ணினேன். நான்கேதான். வால் நுனியில் வெள்ளை எதற்கும் இல்லை. அப்போதுதான் அந்த அதட்டல்.

"என் குட்டி எங்க ராசாத்தி?"

வேண்டாம் என்று சொல்ல வந்தவன், 'என் குட்டி' என்கிறேன்!

"காலைல ஒரு லாரி டிரைவரு அதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. சாருக்குச் சொன்னது, தரமாட்டேன்னுட்டேன். நான் பாக்காதப்ப தூக்கிட்டுப் போயிட்டா? அதான் உள்ள வச்சிருக்கேன்."

விறகுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினார். உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கையில் ஏந்தினேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடித்தது... அந்த வேகத்தை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

"எனக்கு வயசாயிடுச்சும்மா. நடுவுல நான் போயிட்டா?"

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "ஏன் சார், நாயி ஒங்க ஜாதகத்தையா கேக்குது?"

ஏழு பேரும் சிரித்தார்கள். ராசாத்தி சிரிக்கவில்லை.

"வூட்ல அம்மா பாத்துக்குவாங்க. அவங்களுக்கும் முடியலன்னா இங்க கொண்டாந்து விடச் சொல்லுங்க. இது அதோட ஆத்தா வூடு, நான் பாத்துக்குறேன். இப்பக் கீழ விடுங்க சார். பொறந்து நாப்பது நாளு வரைக்கும் பால் குடிக்கட்டும், அப்பறம் வந்து தூக்கிட்டுப் போங்க."

கீழே விட மனமில்லை. விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கமலம் கேட்டருகே நின்றிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த பதற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"இல்ல. பொறந்து நாப்பது நாள் ஆகணுமாம்."

அவள் அலுமினியத் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ரொம்ப ஆழம். குட்டிக்கு மூக்கு முங்கிடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தட்டையான பழைய எனாமல் தட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள்.

பெயர் வைத்தாயிற்று. என்ன பெயர் என்று கேட்காதீர்கள். முதலில் அதனிடம்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் பதினோரு நாள். குட்டிகளைத்தானே எண்ணக் கூடாது என்றார் ராசாத்தி... நாட்களை?